மொறிஸ் மைனர்: ஏரியலைச் செருகியதும் பியூஸ் போய்விடுகிறது, அவசர உதவி தேவை

இணுவில்_மைனர்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் மொறிஸ் மைனரில் புதிய புளூரூத் ரேடியோ செற் ஒன்றைப் பூட்டியிருக்கிறோம். டாஷ்போட்டில் ஒரு துளைகூடப் போடக்கூடாது, பழைய ரேடியோ இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது அப்பாவின் கண்டிப்பான சொல். ஆகவே புதிய செற்றை டாஷ்போட்டின் இடப்பக்கத்தில் உள்ள, மட்டையாலான சாமான் பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறோம். வெளியே எதுவும் தெரியவில்லை, தொலைபேசியிலிருந்து பாட்டும் நன்றாகக் கேட்கிறது. ஆனால் ஏரியல் முனையைச் செற்றில் செருகிய கணமே பியூஸ் போய்விடுகிறது. ஏரியலை மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. 10 அம்பியருக்குப் பதிலாக 20 போட்டோம், அதுவும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தங்கையின் கலியாணம். மணமக்கள் கோயிலிலிருந்து இந்தக் காரில்தான் வருகிறார்கள். பழுது செற்றிலா, ஏரியலிலா என்று தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

சங்கானைத்_தம்பி:
கார் எந்த ஆண்டினது? போவது எந்த பியூஸ், செற்றின் பின்புறத்தில் இருப்பதா, காரின் பக்கம் இருப்பதா? வயரிங் செய்தவர் யார்? இவை தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

கடற்கரை_வீதி:
எனக்கு ஏரியல் அடிப்பாகத்தில்தான் சந்தேகம். எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் மட்காட்டுக்கு அடியில் நீர் தங்கி, ஏரியலின் நடுக்கம்பியும் வெளிவலையும் துருவினால் ஒன்றாகிவிடும். என்னுடைய காரில் அப்படி நடந்தது. ஏரியலைக் கழற்றி நன்றாக உலர்த்திப் பாருங்கள்.

சங்கானைத்_தம்பி:
அண்ணா, அப்படி ஒன்றானால் வானொலி இரையுமே தவிர பியூஸ் போகாது. அவர் ஏரியலையே மாற்றிப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார்.

நல்லூர்_ஒலி:
செற் எந்த நிறுவனத்தினது? மலிவான போலிச் செற்றுகளில் ஏரியல் துவாரத்தின் உட்பக்கமே சரியாக ஒட்டப்பட்டிருக்காது. கடைக்காரரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய_வயரிங்:
மேலே கூறப்பட்ட இரண்டும் இதற்கு விடையாகா. 1960களின் பிரித்தானியக் காரை வைத்திருப்பவர் முதலில் அறிந்திருக்க வேண்டிய விடயத்தைத் தம்பி கேள்வியில் எழுதவே இல்லை: பற்றறியின் எந்த முனை காரின் உடலில் பூட்டப்பட்டிருக்கிறது? இதைப் பார்க்கத் தெரியாமல் புதிய செற் வாங்கப் போயிருக்கக்கூடாது. முதலில் அந்த 20 அம்பியர் பியூஸைக் கழற்றுங்கள். பியூஸ் போகும் காரணத்தைத் தேடாமல் பெரிய பியூஸ் போடுவது வயரைப் பியூஸாக மாற்றுவதற்குச் சமம்.

இணுவில்_மைனர்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். கார் 1963, 1098 சிசி. வயரிங் செய்தது ஊரில் உள்ள ஒருவர். முதலில் செற் வேலை செய்யவே இல்லை. பிறகு அவர் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிக் கொடுத்தார், உடனே பாடியது. செற்றின் பின்புறத்தில் உள்ள சிறிய பியூஸ் ஒருபோதும் போகவில்லை. பற்றறியிலிருந்து வரும் வயரில் அவர் போட்ட பியூஸ்தான் போகிறது. 20 போட்டபோது ஏரியல் வயர் கை வைக்க முடியாத அளவு சுட்டது. பற்றறியில் பார்த்தேன், தடித்த முனைதான் உடலுக்குப் போகிறது.

பழைய_வயரிங்:
விடை உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. தடித்த முனை பொசிற்றிவ். உங்கள் கார் பொசிற்றிவ் எர்த், அதாவது பற்றறியின் பொசிற்றிவ் முனை காரின் உடலில் பூட்டப்பட்டது. மைனர் அப்படித்தான் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. இன்றைய செற்றுகளோ நெகற்றிவ் எர்த்துக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றின் இரும்புக்கூடும் ஏரியல் துவாரத்தின் வெளிவளையமும் கறுப்பு வயரோடு உள்ளேயே இணைந்திருக்கும். வயரிங் செய்தவர் சிவப்பைக் காரின் உடலுக்கும் கறுப்பைப் பற்றறியின் நெகற்றிவ் வயருக்கும் கொடுத்ததால் செற் சரியான திசையில் மின்சாரத்தைப் பெற்றுப் பாடுகிறது, ஆனால் அதன் கூடு முழுவதும் இப்போது பற்றறியின் நெகற்றிவ் முனையாகவே இருக்கிறது. அது மட்டைப் பெட்டிக்குள் இருப்பதால் மட்டுமே இதுவரை தப்பியது. ஏரியலின் வெளிவலையோ மட்காட்டில் இறுகப் பூட்டப்பட்டுக் காரின் உடலோடு, அதாவது பொசிற்றிவோடு, சேர்ந்திருக்கிறது. முனையைச் செருகியதும் மின்சாரம் உடலிலிருந்து ஏரியல் வலை வழியாகக் கூட்டுக்கும், அங்கிருந்து கறுப்பு வயர் வழியாகப் பற்றறிக்கும் நேராக ஓடுகிறது. அந்தப் பாதையில் செற்றின் சிவப்பு வயரில் உள்ள சிறிய பியூஸ் இல்லை; ஆகவே அது போகவில்லை, பற்றறி வயரில் உள்ளது போகிறது. செற்றிலும் பழுதில்லை, ஏரியலிலும் பழுதில்லை.

நல்லூர்_ஒலி:
போலிச் செற் என்று நான் சொன்னது தவறு. மிகத் தெளிவான விளக்கம், நன்றி.

சங்கானைத்_தம்பி:
ஞாயிற்றுக்கிழமைக்கு என் ஆலோசனை: ஏரியலைச் செருகாதீர்கள், முனையில் ரப்பர்க் குழாய் ஒன்றை இட்டுக் கட்டிவிடுங்கள், 10 அம்பியரே இருக்கட்டும், செற்றின் கூட்டை எந்த இரும்பிலும் பட விடாதீர்கள். ஸ்பீக்கர் வயர்களும் அப்படியே. இன்றைய செற்றின் ஸ்பீக்கர் வயர் இரண்டில் எதுவும் காரின் உடலில் படக்கூடாது. சிகரெற் சொருகியில் தொலைபேசிச் சார்ஜரையும் போட வேண்டாம், அங்கே முனைகள் தலைகீழாக இருக்கும். கலியாணத்துக்கு முதல் நாள் இரவில் காரின் எர்த்தை மாற்றும் வேலையில் இறங்கவே வேண்டாம்.

பழைய_வயரிங்:
இது சரி. கலியாணம் முடிந்ததும் காரை நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றிவிடுங்கள், அரைநாள் வேலைதான். பற்றறியைத் திருப்பி வைத்து, முனைகளுக்கு ஏற்ற கவ்விகளைப் போடுங்கள். இக்னிஷன் கொயிலின் இரண்டு சிறிய வயர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். மாற்றாவிட்டாலும் இயந்திரம் ஓடும், ஆனால் தீப்பொறி பலவீனமாகும். டைனமோவின் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, பற்றறியின் பொசிற்றிவ் முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவின் சிறிய முனையான எஃப் முனையில் இரண்டு மூன்று விநாடி தொடுங்கள். சிறிய பொறி பறக்கும். இதை இயந்திரத்தை இயக்குவதற்கு முன்பே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் டைனமோ பழைய திசையிலேயே மின்சாரம் தரும். பெற்றோல் பம்பு பழைய எஸ்யூ நிறுவனத்தினது என்றால் கவலையில்லை. பிற்காலத்தில் மாற்றப்பட்டு உள்ளே டையோடு உள்ளது என்றால் தலைகீழ் மின்சாரத்தைத் தாங்காது, அதில் ஒட்டியுள்ள தாளைப் பாருங்கள். துடைப்பான் மோட்டோருக்கும் விளக்குகளுக்கும் எத்திசையும் ஒன்றே. பழைய ரேடியோவின் வயரைக் கழற்றிக் காப்பிட்டுவிடுங்கள். புதிய செற்றின் சிவப்பு, கறுப்பு வயர்களையும் மறக்காமல் திருப்பி மாற்றுங்கள்.

கோப்பாய்_சோமர்செட்:
இதை நான் ஏற்கவில்லை. அந்த அப்பா டாஷ்போட்டில் ஒரு துளைக்கே சம்மதிக்கவில்லை. காரின் எர்த்தையே மாற்றச் சொல்கிறீர்கள். பொசிற்றிவ் எர்த் அந்தக் காரின் பிறப்பு. 12 வோல்ற்றை வாங்கி 12 வோல்ற்றையே தரும், உள்ளீடும் வெளியீடும் பிரிக்கப்பட்ட சிறிய மாற்றி ஒன்றை இடையில் போட்டால் செற்றின் கூடு எங்கே பட்டாலும் பாதகமில்லை. ஏரியலையும் செருகலாம். காரில் எதையும் தொட வேண்டியதில்லை.

பழைய_வயரிங்:
பிரிக்கப்பட்டது என்று எழுதி விற்கப்படும் மாற்றிகளில் பல உண்மையில் பிரிக்கப்பட்டவை அல்ல. மீற்றரால் இரு பக்கங்களுக்கும் இடையே தொடர்ச்சி உண்டா என்று பார்க்காமல் வாங்கினால், பழைய நிலைக்கே திரும்புவீர்கள். மலிவானவை வானொலியில் இரைச்சலையும் ஏற்றும். எர்த் மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. வேண்டுமானால் நாளையே திருப்பி வைக்கலாம்.

கோப்பாய்_சோமர்செட்:
கண்ணுக்குத் தெரியாதது என்பதற்காக அது மாற்றம் அல்ல என்று ஆகாது. உங்களுக்குப் பின் அந்தக் காரை வாங்குபவர் பழைய கையேட்டைப் பார்த்துப் பற்றறியைப் பூட்டினால் என்ன ஆகும்?

சங்கானைத்_தம்பி:
இரண்டு வழியும் சரியானவை. எர்த்தை மாற்றினால் பற்றறிக்கு அருகில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். இன்னொன்று: போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய எங்கள் பக்கத்துக் கார்களில் கிடைத்த வயரைக் கொண்டே பழுது பார்த்தோம். எங்கள் வீட்டுக் காரில் பச்சை வயர் ஒன்று பாதிவழியில் வீட்டுச் சுவரிலிருந்து உருவிய வெள்ளை வயராக மாறுகிறது. நிறத்தை நம்பி எதையும் கழற்ற வேண்டாம், ஒவ்வொன்றையும் மீற்றரால் அளந்து பாருங்கள்.

நல்லூர்_ஒலி:
பெரிய அம்ப்ளிபையர் எதையும் சேர்க்காதீர்கள். அந்த டைனமோ கூடியது 22 அம்பியர் தரும், அதுவும் வேகமாக ஓடும்போது. சந்தியில் நிற்கும்போது ஏறத்தாழ ஒன்றும் தராது. தலைவிளக்கும் துடைப்பானும் இயங்கும் மழை இரவில் மிஞ்சுவது கொஞ்சம்தான். செற்றின் சொந்த வலுவே அந்தச் சிறிய காருக்குப் போதும். கதவுகளை வெட்டாமல், டாஷ்போட்டுக்குக் கீழே உள்ள தட்டின் அடியில் ஒட்டுப்பலகை ஒன்றில் இரண்டு 5 அங்குல ஸ்பீக்கர்களைப் பூட்டுங்கள். இருக்கையில் இருப்பவருக்கு அவை தெரியாது.

இணுவில்_மைனர்:
கலியாணம் நல்லபடியாக நடந்தது, ஏரியல் இல்லாமலே பாட்டு ஒலித்தது. நேற்று அப்பாவின் சம்மதத்தோடு எர்த்தை மாற்றினோம். கொயில், டைனமோ எல்லாம் நீங்கள் எழுதியபடியே செய்தோம். ஏரியலைச் செருகினேன், பியூஸ் நிற்கிறது. வானொலி எடுக்கிறது. ஆனால் இயந்திரத்தின் வேகத்தோடு கூடிக் குறையும் மெல்லிய கூவல் ஒன்று கேட்கிறது. எல்லோருக்கும் நன்றி.

பழைய_வயரிங்:
கூவல் டைனமோவின் கரித்துண்டுகளிலிருந்து வருகிறது. இரைச்சலை அடக்கும் கொண்டென்சரான 1 மைக்ரோபரட் அடக்கி ஒன்றின் உலோக உடலை டைனமோவின் உடலிலும், வயரைப் பெரிய முனையான டி முனையிலும் பூட்டுங்கள். எக்காரணம் கொண்டும் எஃப் முனையில் பூட்டாதீர்கள். டைனமோவின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒழுங்காக்கியின் தொடுமுனைகள் எரிந்துவிடும். அதன் பிறகும் கேட்டால் செற்றின் கறுப்பு வயரைத் துருவற்ற இடத்தில் சுரண்டி, நேராக உடலில் பூட்டிப் பாருங்கள். முடிவை எழுதுங்கள்.

சுன்னாகம்_ஏ40:
எனது ஒஸ்ரினிலும் இதே கூவல் இருக்கிறது. இணுவில் தம்பி, டி முனையில் அடக்கியைப் பூட்டியதும் நின்றதா?