மலிவு டபுள் பேஸுக்கு எந்தக் கம்பி? மலை ஈரத்தில் எத்தனை ஆண்டு தாங்கும்?

குன்னூர் அடிநாதம்

எங்கள் சபைப் பாடகர் குழுவுக்காகப் பழைய டபுள் பேஸ் ஒன்று (ஆளுயர வயலின்போல் இருக்கும், நிறுத்திவைத்து வாசிக்கும் வாத்தியம்) வாங்கியிருக்கிறேன். முக்கால் அளவு, பிளைவுட் உடல், 28,000 ரூபாய். மேட்டுப்பாளையத்தில் காய்கறி இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய வேனில், முட்டைக்கோஸ் சாக்குகளைச் சுற்றிக்கட்டி மேலே கொண்டுவந்தேன். கீறல் இல்லாமல் வந்து சேர்ந்ததே பெரிய காரியம்.

மெல்லியதிலிருந்து தடித்ததுவரை ஜி, டி, ஏ, இ என்று நான்கு கம்பிகள். ஜி, டி கம்பிகள் பரவாயில்லை. ஏ கம்பி இருமுகிறது. இ கம்பியைத் தட்டினால் தலையணையைத் தட்டியதுபோல் தொப்பென்கிறது. விரல்பலகையின் கீழ்முனையில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாக நுழைகிறது. இரண்டு பாட்டு வாசித்தால் விரல் நுனி எரிகிறது. வில் கிடையாது, விரலால்தான் வாசிப்பு. கையில் 10,000 ரூபாய் இருக்கிறது. எந்தக் கம்பி வாங்கலாம்? அடிக்கடி மாற்ற வசதியில்லை.

வெலிங்டன் பழையவர்

தம்பி, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வியன்னாவின் தொமாஸ்டிக் செய்யும் ஸ்பைரோகோர் வாங்கிப் போடுங்கள். எஃகு இழைகளைச் சுருளாக முறுக்கிய கருவின்மேல் உலோகப்பட்டை சுற்றிய கம்பி அது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ராணுவ இசைக்குழுவில் பேஸ் வாசித்தவன் சொல்கிறேன்: விரலால் வாசிப்பவனுக்கு அதைவிட நீண்டநாள் உழைக்கும் கம்பியை நான் பார்த்ததில்லை. முதல் சில மாதம் தகரம்போல் கூர்மையாகக் கத்தும். பிறகுதான் பதம் வரும். என் பேஸில் இருப்பவற்றுக்கு 9 வயது. மழைக்காலத்தில் துணியால் துடைப்பதைத் தவிர நான் அவற்றுக்கு எதுவும் செய்ததில்லை.

விலை உங்கள் 10,000 ரூபாயைத் தாண்டும், இரண்டு மடங்கு ஆனாலும் ஆகும். ஆனால் ஒன்பது ஆண்டால் வகுத்துப் பாருங்கள். மலிவுக் கம்பியை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுபவர்தான் அதிகம் செலவழிக்கிறார்.

ஊட்டி பனி

ஐயா சொல்லும் கம்பி நல்ல கம்பிதான். ஆனால் கேட்டவருடைய பேஸ் 28,000 ரூபாய் பேஸ். கம்பியின் ஆயுளைப் பேசுகிறீர்கள், வாத்தியத்தின் ஆயுளை யார் பேசுவது?

எஃகுக் கம்பி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 முதல் 32 கிலோ வரை இழுக்கும். நான்கும் சேர்ந்தால் நூறு கிலோவுக்கு மேல். ஓர் ஆள் வாத்தியத்தின் கழுத்தைப் பிடித்து இரவும் பகலும் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சமம். என் முதல் பேஸ் இப்படிப்பட்ட மலிவுச் சரக்குத்தான். கடைக்காரர் பேச்சைக் கேட்டு இருப்பதிலேயே கனமான எஃகுக் கம்பியைப் பூட்டினேன். பதினான்காவது மாதம் கழுத்து முன்னால் சாய்ந்து, அடிப்பகுதியில் ஒட்டு பிளந்தது. கம்பி மட்டும் புதிதுபோல் பளபளத்தது.

இழுவை குறைந்த செயற்கைக் கருக் கம்பி போடுங்கள். சத்தம் சற்று மங்கலாக, உருண்டையாக வரும். சபைப் பாட்டுக்கு அதுதான் பொருத்தம். விரலும் பிழைக்கும்.

வெலிங்டன் பழையவர்

அம்மா, ஓர் ஒட்டு பிளந்ததற்குக் கம்பியைத் தூக்கில் போடுகிறீர்கள். பசை மோசமாக இருந்திருக்கும். பிளைவுட் என்றால் இளக்காரமா? சிகாகோவில் கே நிறுவனம் 1937 முதலே பிளைவுட் பேஸ் செய்து தள்ளியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் உதைபட்டும் அவற்றில் எத்தனையோ இன்றும் எஃகுக் கம்பியோடு நிற்கின்றன. செதுக்கிய முழுப்பலகை பேஸ்தான் நம் மலையில் வெடிக்கும், பிளைவுட் வெடிக்காது.

ஊட்டி பனி

அந்தப் பழைய பேஸ்கள் பிறந்தபோது அவற்றில் ஏறியது ஆட்டுக்குடல் நரம்பு, ஐயா. எஃகு பரவலானது அதற்குப் பிறகுதான். உடல் வெடிக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கவலை உடலைப் பற்றியது அல்ல, கழுத்தைப் பற்றியது. கழுத்து பிளைவுட் இல்லையே.

கூடலூர் மழை

பெரியவர்கள் சண்டைக்கு நடுவில் ஓர் ஏழையின் யோசனை. எஸ்டேட்டில் புல்வெட்டும் இயந்திரத்துக்கு மாட்டும் நைலான் நூல் இருக்கிறதே, அமெரிக்காவில் அதையே பேஸுக்குக் கம்பியாகக் கட்டி அடித்து வாசிக்கிறார்கள். துரு பிடிக்காது, மழை தெரியாது. எங்கள் ஊரில் ஜூன் தொடங்கினால் மேஜையில் வைத்த செருப்பும் பூத்துவிடும். எஃகு என்ன பாடு படும்? ஒரு சுருள் சில நூறு ரூபாய்தான். 2.4 மில்லிமீட்டர் நூலில் நான்கு துண்டு வெட்டிக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது.

ஊட்டி பனி

சிரித்துவிட்டேன், ஆனால் பாதி சரி. அந்த நூல் ஜி கம்பிக்குப் பொருந்தும், 22 கிலோ அளவில் விறைப்பாக நிற்கும். இ கம்பிக்கு அதே நூல் உதவாது. ஜி கம்பியின் அதிர்வு நொடிக்கு 98, இ கம்பியின் அதிர்வு 41 சொச்சம். நீளமும் கனமும் மாறாமல் சுருதியை மட்டும் இறக்கினால் இழுவை வர்க்கக் கணக்கில் விழும். 22 கிலோ 4 கிலோவுக்கு வந்துவிடும். அதில் பேஸ் வாசிக்க முடியாது, துணி காயப்போடலாம்.

இதனால்தான் தடித்த கம்பிகளில் உலோகம் சுற்றுகிறார்கள், கனம் வேண்டும் என்பதற்காக. நைலான் கட்டுகிறவர்களும் ஏ, இ இரண்டுக்கும் மிகத் தடித்த நூலைத் தேடிப் பிடிக்கிறார்கள். அப்படியும் இ கம்பி தளர்வாகத்தான் கிடக்கும். அவர்கள் கம்பியை விரல்பலகையில் அறைந்து வாசிப்பதால் சமாளித்துவிடுகிறார்கள்.

குன்னூர் அடிநாதம்

அப்படியானால் பழைய முறைப்படி ஆட்டுக்குடல் நரம்பே போடலாமா? இழுவை குறைவு என்கிறார்கள்.

வெலிங்டன் பழையவர்

குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழையை நீங்கள் பார்த்ததே இல்லையா, தம்பி? மிருதங்கக்காரரிடம் கேளுங்கள், தோலும் ஈரமும் என்ன உறவென்று சொல்வார். நரம்பும் அந்த இனம்தான். ஈரம் குடித்தால் ஒரு சுருதி, ஹீட்டர் அருகே வைத்தால் வேறு சுருதி. முதல் பாட்டுக்கும் காணிக்கைப் பாட்டுக்கும் நடுவில் நீங்கள் முறுக்காணியைத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஊட்டி பனி

இதில் ஐயாவோடு எனக்குச் சண்டையில்லை. யாழுக்கு நரம்பு கட்டிய நாட்டில் பிறந்துவிட்டு இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐயாவின் ஸ்பைரோகோர் கட்சிக்கும் எனக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார். ஜாஸ் பேஸ் கலைஞர் சார்லி ஹேடன் ஜி, டி இரண்டுக்கும் நரம்பும், ஏ, இ இரண்டுக்கும் ஸ்பைரோகோரும் கட்டி வாசித்தவர். நான்கும் ஒரே பெட்டியிலிருந்து வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கோத்தகிரி உளி

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தச்சு வேலை செய்பவன், வயலினும் கிட்டாரும் பழுதுபார்ப்பேன், எப்போதாவது ஒரு பேஸ் வரும். எல்லோரும் கம்பியைப் பார்க்கிறீர்கள். சுண்டுவிரல் நுழைகிறது என்று அவர் முதலிலேயே எழுதியதை ஒருவரும் பிடிக்கவில்லை. அந்த உயரத்தில் தங்கக் கம்பி போட்டாலும் விரல் எரியும்.

எஃகுக் கம்பி என்றால் விரல்பலகையின் கீழ்முனையில் ஜி கம்பி 5, 6 மில்லிமீட்டர், இ கம்பி 8, 9 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் போதும். அடிநாதம் தம்பி, ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள். அளந்த பிறகு இன்னொரு வேலை. கழுத்து உடலோடு சேரும் அடியில், பின்பக்கம், ஒரு பஸ் டிக்கெட்டை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் கம்பிக்கு வைத்த பணத்தை அப்படியே மடித்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது நட். கழுத்தின் உச்சியில் கம்பிகள் படுத்துக்கிடக்கும் சின்னக் கட்டை. மலிவு பேஸ்களில் அதன் பள்ளம் ரம்பத்தால் அறுத்த கோடாகவே இருக்கும், விளிம்பு கத்திபோல் நிற்கும். சுருதி கூட்டும்போதெல்லாம் கம்பியின் மேற்சுற்று அந்த விளிம்பில் உரசும். ஒருநாள் சுற்று பிரியும், கம்பி இருமும். ஏ கம்பி இருமுகிறது என்றீர்களே, அங்கே விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். என்னிடம் வந்த கம்பிகளில் வயதாகிச் செத்தவை குறைவு, நட்டில் கழுத்தறுபட்டவைதான் அதிகம்.

வெலிங்டன் பழையவர்

உளியாரே, நல்ல கம்பி என்றால் அதையும் தாங்கும்.

கோத்தகிரி உளி

தாங்காது ஐயா. உங்கள் பேஸை யாரோ தெரிந்தவர் சரிசெய்து கொடுத்திருக்கிறார், அதனால்தான் ஒன்பது ஆண்டு ஓடியது. அந்தப் பெருமையைக் கம்பிக்குக் கொடுக்கிறீர்கள்.

விரல்பலகையையும் சொல்லிவிடுகிறேன். கருங்காலிபோல் கறுப்பாக இருக்கும். அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். வெளுத்த மரம் தெரிந்தால் அது சாயம் பூசிய மேப்பிள். எஃகுக் கம்பி அதில் சில ஆண்டுகளில் வாய்க்கால் வெட்டும். வாய்க்கால் விழுந்தால் கம்பி கிறீச்சிடும், பலகையைச் சீவ வேண்டும். அக்கா சொல்லும் செயற்கைக் கம்பி அந்த வகையில் பலகைக்கு இரக்கம் காட்டும். அதற்காக அவர் கட்சி என்று நினைக்க வேண்டாம்.

குன்னூர் அடிநாதம்

அளந்தேன். ஜி 11, இ 14 மில்லிமீட்டர். பஸ் டிக்கெட் பாதி வரை உள்ளே போனது. சுரண்டிப் பார்த்தேன், முந்திரிப்பருப்புபோல் வெளுத்திருக்கிறது. ஏ கம்பியில் நட்டுக்குச் சற்றுக் கீழே சுற்று பிரிந்து, நகம் மாட்டுகிறது. எல்லாக் கேள்விக்கும் மோசமான விடை. பேஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கோத்தகிரி உளி

திருப்ப வேண்டாம். நான்கு கம்பியையும் பாதி தளர்த்தி வையுங்கள், முழுக்கக் கழற்றாதீர்கள். முழுதும் கழற்றினால் உள்ளே மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற குச்சி விழுந்துவிடலாம், அதை நிமிர்த்துவது தனி வேலை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கொண்டுவாருங்கள்.

கூடலூர் மழை

என் நைலான் நூலை யாரும் மறுபடி பேசவே இல்லை.

குன்னூர் அடிநாதம்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கோத்தகிரிக்கு மூன்று முறை போனேன். கழுத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டி இறுக்கிக் கட்டியது முதல் வாரம். அடுத்து நட். எலிவால் அரத்தால் பள்ளங்களை உருட்டி, முறுக்காணிப் பக்கம் சரிவாக இறக்கினார். பிறகு சட்டைப்பையிலிருந்து பள்ளிக்கூடப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு பள்ளத்திலும் பத்துப் பதினைந்து முறை தேய்த்தார். கம்பி வழுக்கிக்கொண்டு போகுமாம். அந்தப் பென்சிலுக்குக் காசு வாங்கவில்லை. குதிரையை (மேற்பலகையின்மேல் நின்று கம்பிகளைத் தாங்கும் கட்டை) இறக்கி, அதன் இரண்டு கால்களிலும் உயரம் கூட்டிக் குறைக்கத் திருகுச் சக்கரம் வைத்தார். மழையில் மேற்பலகை உப்பிக் கம்பி உயர்ந்தால் நானே இறக்கிக்கொள்ளலாம். இப்போது ஜி 6, இ 9.

மொத்தம் 6,500 ரூபாய் ஆனது. மீதியில் புதுக் கம்பி வராது என்று ஆனபோது, கோயம்புத்தூரில் ஒருவர் தாம் ஓராண்டு வாசித்துக் கழற்றிய டடாரியோ ஹெலிகோர் கம்பிகளை 5,000 ரூபாய்க்குக் கொடுத்தார். எஃகுக் கருதான், ஆனால் இழுவை குறைந்த ரகம். பழைய கம்பியை வேறு பேஸில் ஏற்றினால் நட்டில் மடிந்த இடம் நகர்ந்து அங்கேயே முறியலாம் என்று உளி அண்ணன் எச்சரித்தார். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாக ஏற்றி, கால் திருகு, பத்து நிமிடம் ஓய்வு, மறுபடி கால் திருகு என்று ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்தோம். குதிரை விரல்பலகைப் பக்கம் சாயச் சாய, அவர் இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்திக்கொண்டே இருந்தார். முறியவில்லை.

போன ஞாயிறு வாசித்தேன். இ கம்பியைத் தட்டியபோது முன்வரிசை மேஜையில் இருந்த காணிக்கைத் தட்டு கிண்ணென்று அதிர்ந்தது. உபதேசியார் திரும்பிப் பார்த்தார்.

ஊட்டி பனி

இழுவை குறைந்த ரகம் என்பதைக் கவனித்தேன். எனக்கு அது போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பஸ் டிக்கெட்டை நுழைத்துப் பாருங்கள்.

வெலிங்டன் பழையவர்

எஃகுக் கரு என்பதை நானும் கவனித்தேன். ஸ்பைரோகோரிலும் வைஷ் என்று இழுவை குறைந்த ரகம் இருக்கிறது, தம்பி. அதைப் போட்டிருந்தால் கோயில் மணியும் சேர்ந்து அதிர்ந்திருக்கும்.