சிடி டிரைவ் இல்லாத பழைய நெட்புக்கில் லினக்ஸ் போடுவது எப்படி?

கேள்வி:
நண்பர்களே, என்னிடம் பழைய நெட்புக் ஒன்று இருக்கிறது. இன்டெல் ஆட்டம் என்270, ரேம் 1 ஜிபி, உள்ளே இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி. சிடி, டிவிடி டிரைவ் எதுவும் கிடையாது. எக்ஸ்பியில் இப்போது பாதி இணையதளங்கள் திறப்பதே இல்லை என்பதால் லேசான லினக்ஸ் ஒன்றைப் போடலாம் என்று டெபியன் 13 என்ற லினக்ஸின் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் செய்வதற்கான டிஸ்க் கோப்பு) இறக்கி, 4 ஜிபி பென் டிரைவில் காப்பி செய்தேன். ஆன் செய்தால் பென் டிரைவைக் கண்டுகொள்ளாமல் நேராக எக்ஸ்பிக்குள் போய்விடுகிறது. கீபோர்டும் திரையும் இன்னும் நன்றாக இருக்கின்றன, தூக்கிப் போட மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
ஐஎஸ்ஓவை ஒரு கோப்பாகக் காப்பி செய்தால் பூட் ஆகாது, அதாவது கணினி அதிலிருந்து தொடங்காது. அதற்குள் இருக்கும் பூட் பகுதி பென் டிரைவின் தொடக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருள் அந்த வேலையைச் செய்யும், ஆனால் அதன் புதிய பதிப்புகள் எக்ஸ்பியில் ஓடாது, வேறு கணினியில் வைத்து எழுதுங்கள். பார்ட்டிஷன் முறை (டிஸ்க்கைப் பிரிக்கும் முறை) பழைய எம்பிஆர் என்றே இருக்கட்டும், உங்கள் மெஷினில் யூஇஎஃப்ஐ (புதிய கணினிகளைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) கிடையாது. பென் டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், முக்கியமானது ஏதும் இருந்தால் முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, என்270 வெறும் 32 பிட் பிராசசர். டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலரையே நிறுத்திவிட்டார்கள், அதனால் சரியாக எழுதியிருந்தாலும் அது ஓடியிருக்காது. ஆன்டிஎக்ஸ் 23 என்ற லேசான லினக்ஸின் 32 பிட் பதிப்பை எடுங்கள். டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்டது, 1 ஜிபி ரேமில் தாராளமாக ஓடும். பெரிய டெஸ்க்டாப் எதையும் இந்த மெஷினில் ஏற்றாதீர்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் எடுத்தவுடனே இன்ஸ்டால் பொத்தானை அமுக்க வேண்டாம். ஆன்டிஎக்ஸ் பென் டிரைவிலிருந்தே லைவாக, அதாவது இன்ஸ்டால் செய்யாமலே, ஓடும், அப்படியே ஓடவிட்டு வைஃபை, சவுண்ட், திரை வெளிச்சம் எல்லாம் வேலை செய்கிறதா என்று ஒரு மணி நேரம் பாருங்கள். பழைய நெட்புக்குகளில் காலை வாருவது பெரும்பாலும் வைஃபைதான், எக்ஸ்பியை அழித்த பிறகு அது தெரியவந்தால் டிரைவர் இறக்கக்கூட வழி இருக்காது.

கேள்வி கேட்டவர்:
இரண்டு பேருக்கும் நன்றி. ரூஃபஸில் எழுதிவிட்டேன். ஆனால் பயாஸில் (கணினியைத் தொடங்கிவைக்கும் அமைப்பு) பூட் வரிசையைப் பார்த்தால் யூஎஸ்பி என்ற பெயரே இல்லை, ஹார்டு டிஸ்க்கும் நெட்வொர்க்கும் மட்டும்தான் வருகின்றன. இந்த மெஷினில் யூஎஸ்பி பூட்டே கிடையாதா?

பதில் 3:
இருக்கும், அவசரப்படாதீர்கள். மெஷினை முழுதாக அணைத்து, பென் டிரைவைச் செருகிவிட்டு, அப்புறம் ஆன் செய்து பயாஸுக்குள் போங்கள். பல பழைய பயாஸ்கள் பென் டிரைவையும் ஒரு ஹார்டு டிஸ்க்காகவே எண்ணும், அதனால் அது பூட் வரிசையில் தனியாக வராது. ஹார்டு டிஸ்க் வரிசை என்று இன்னொரு பட்டியல் உள்ளே இருக்கும், அதில் பென் டிரைவை மேலே கொண்டுவாருங்கள்.

அதிலும் வரவில்லை என்றால் நான் ஒரு மெஷினில் செய்த வழி இது: ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, அதிலேயே இன்ஸ்டால் செய்துவிட்டு, திரும்ப இதில் பொருத்தினேன். இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். அந்தக் கணினியை லெகஸி (பழைய பயாஸ்) முறையில் பூட் செய்யுங்கள், யூஇஎஃப்ஐ முறையில் ஏற்றினால் நெட்புக்கில் எழும்பாது. கிரப்பை (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிறு மென்பொருள்) எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும்போது கழற்றி மாட்டிய டிஸ்க்கையே தேர்ந்தெடுங்கள், முடிந்தால் அந்தக் கணினியின் சொந்த டிஸ்க்கை அந்த நேரத்துக்குக் கழற்றியே வைத்துவிடுங்கள். நான் முதல் தடவை அதைச் செய்யாமல் விட்டு, நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த கணினியின் பூட்டைக் கெடுத்து, சரிசெய்ய ஒரு நாள் போனது.

கேள்வி கேட்டவர்:
கழற்றும் வேலையே வரவில்லை! நீங்கள் சொன்ன மாதிரி ஹார்டு டிஸ்க் பட்டியலுக்குள்தான் பென் டிரைவ் இருந்தது, மேலே ஏற்றியதும் ஆன்டிஎக்ஸ் வந்துவிட்டது. லைவில் வைஃபை, சவுண்ட் இரண்டும் ஓடின, அதன் பிறகுதான் இன்ஸ்டால் செய்தேன். பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தால் திணறுகிறது, அதற்கு ஏதாவது செய்யலாமா?

பதில் 1:
இசட்ரேம் போட்டுப் பாருங்கள். ரேமில் இருப்பதைச் சுருக்கி வைப்பதால் டிஸ்க்கில் இருக்கும் ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது பயன்படும் இடம்) போவது குறையும். விளம்பரத் தடுப்பான் ஒன்றும் சேர்த்துவிடுங்கள், ஆட்டம் பிராசசரில் அதற்கே நல்ல வித்தியாசம் தெரியும். இரண்டு மூன்று டேப்போடு நிறுத்திக்கொண்டால் நிம்மதியாக ஓடும்.