மிட்ஜெட் காரில் டர்போ பூஸ்ட் வரம்பு மீறியதாக வெளியேற்றிவிட்டார்கள்: தவறு எஞ்சினிலா, சென்சாரிலா?

சனிக்கிழமை மெக்கானிக்:
எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் சக ஊழியர் ஒருவரின் மிட்ஜெட் ரேஸ் காருக்கு ஸ்பானர் பிடிக்கப் போவேன். தெரியாதவர்களுக்காக: ஒற்றை இருக்கை, மூடாத சக்கரங்கள், ஏறத்தாழ 400 கிலோ எடை. கியர்பாக்ஸ் கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது. பின்னாலிருந்து ஒரு வண்டி தள்ளித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். நாங்கள் ஓட்டுவது கால் மைல் களிமண் வட்டத்தில்.

தேசிய அளவில் ஓடும் மெத்தனால் எஞ்சின் ஒன்று 50,000 டாலரைத் தாண்டும். அதனால் எங்கள் கிளப் இந்த சீசனில் ஒரு சோதனைப் பிரிவு திறந்தது. சாதாரண காரில் வரும் 2 லிட்டர் டர்போ எஞ்சினைப் பழைய வண்டி உடைக்கும் இடத்தில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். எஞ்சினின் உள்ளேயோ டர்போவிலோ கை வைக்கக் கூடாது. பூஸ்ட், அதாவது எக்ஸாஸ்ட் வாயுவால் சுற்றும் டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம், 12 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது. மொத்தச் செலவு சில ஆயிரம் டாலரோடு முடிந்தது.

போன ரேஸில் மூன்றாவதாக வந்தோம். பிறகு கிளப் பொருத்தியிருந்த லாகரை (அழுத்தத்தைப் பதிவு செய்யும் பெட்டி) பார்த்துவிட்டு, உச்சம் 15.3 என்று சொல்லி வெளியேற்றிவிட்டார்கள். எங்கள் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பதிவில் 11.7-க்கு மேல் ஒரு இடத்தில்கூட இல்லை. சோதனை அதிகாரி, "எங்கள் பெட்டி சொல்வதுதான் கணக்கு" என்கிறார். ஈசியுவில் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறோம் என்று பேச்சு வேறு ஓடுகிறது. நாங்கள் டர்போவைத் தொடவே இல்லை. எங்கே பார்ப்பது?

இன்னொன்று. மஞ்சள் கொடி காட்டி எல்லோரும் மெதுவாக உருளும்போது எக்ஸாஸ்டில் நீலப் புகை வருகிறது. முழு வேகத்தில் இல்லை. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

களிமண் டிராக்:
சந்தேகமே வேண்டாம், பூஸ்ட் க்ரீப், அதாவது அழுத்தம் கட்டுக்குள் நிற்காமல் ஏறிப்போவது. கம்பெனிக் காரில் கேட்டலிஸ்ட், சைலன்சர் எல்லாம் இருக்கும். மிட்ஜெட்டில் டர்போவுக்குப் பிறகு ஒரு முழம் குழாய், அவ்வளவுதான். எதிரழுத்தம் இல்லாததால் டர்பைன் (டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கச் சக்கரம்) வேகம் பிடிக்கும், உபரி வாயுவை அதற்குப் போகாமல் திருப்பிவிடும் சின்ன வேஸ்ட்கேட் துளையால் அவ்வளவு வாயுவை ஒதுக்க முடியாது. ஒரு சைலன்சர் போட்டுப் பாருங்கள், இறங்கிவிடும்.

கோவை டியூனர்:
அண்ணன் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் க்ரீப் என்றால் ஈசியுவிலும் தெரிந்திருக்க வேண்டுமே? ஒரு பெட்டி 15 காட்டுகிறது, இன்னொன்று 11 காட்டுகிறது என்றால் இரண்டும் ஒரே இடத்து அழுத்தத்தை அளக்கவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

தம்பி, இரண்டு விஷயம் சொல்லுங்கள். கிளப்பின் சென்சார் ஹோஸ் எங்கே சொருகியிருக்கிறது, த்ராட்டிலுக்கு (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) முன்னாலா, பின்னால் மேனிஃபோல்டிலா (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் குழாய்)? அந்த 15.3 வந்த கணத்தில் த்ராட்டில் எத்தனை சதவீதம்? முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் ஏற ஏற அழுத்தமும் ஏறினால் க்ரீப். காலை எடுக்கும்போது ஊசி மாதிரி குத்தி இறங்கினால் கதையே வேறு. இரண்டு பதிவையும் ஒரே நேரக் கோட்டில் வைத்துப் பாருங்கள்.

சனிக்கிழமை மெக்கானிக்:
அண்ணா, பார்த்துவிட்டேன். கிளப்பின் ஹோஸ், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பிறகு, த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள சிலிகான் குழாயில் டீ போட்டுச் சொருகியிருக்கிறது. நேர்ப் பாதையில் முழு த்ராட்டிலில் இரண்டு பெட்டியும் 11.4-க்கும் 11.7-க்கும் இடையில் ஒன்றாகவே போகின்றன. முதல் திருப்பத்திலும் மூன்றாம் திருப்பத்திலும் டிரைவர் காலை எடுக்கிறார், த்ராட்டில் 100-லிருந்து 8-க்கு விழுகிறது. அந்த இடத்தில்தான் கிளப்பின் கோடு மேலே குத்துகிறது. அதே கணத்தில் எங்கள் மேனிஃபோல்ட் கோடு வெற்றிடத்துக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இதே இரண்டு இடம்.

கோவை டியூனர்:
அப்படியானால் விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. த்ராட்டில் மூடிவிட்டது, ஆனால் டர்போவில் காற்றைத் தள்ளும் கம்ப்ரஸர் சக்கரம் இன்னும் முழு வேகத்தில் சுற்றுகிறது. போக வழியில்லாத காற்று குழாயில் நெரிகிறது. அந்த 15.3 அழுத்தம் சிலிண்டரை எட்டவே இல்லை. எட்டியிருந்தால் மேனிஃபோல்ட் கோடு ஏறியிருக்கும். ஆதாயமே இல்லாத அழுத்தத்துக்காக உங்களை வெளியேற்றியிருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் காரும் நூற்றுக்கு நூறு சரியில்லை. த்ராட்டில் மூடும்போது அந்தக் காற்றைச் சுற்றி அனுப்பத்தான் பைபாஸ் வால்வு இருக்கிறது. அது திறக்கவில்லை என்று நினைக்கிறேன். திருப்பத்துக்குள் நுழையும்போது புறா சிறகடிப்பது போல ஒரு படபடப்புச் சத்தம் கேட்கிறதா? அது கம்ப்ரஸர் சர்ஜ், நெரிந்த காற்று சக்கரத்தின் வழியே திரும்பி அடிப்பது. இப்படியே ஓட்டினால் டர்போவின் த்ரஸ்ட் பேரிங் போய்விடும். மேனிஃபோல்டிலிருந்து வால்வுக்குப் போகும் வேக்யூம் ஹோஸைக் கழற்றி ஊதிப் பாருங்கள். கை வேக்யூம் பம்ப் இருந்தால் வால்வில் மாட்டி இழுங்கள். வால்வின் தண்டு நகர வேண்டும், பம்ப்பின் முள் இறங்காமல் நிற்க வேண்டும்.

ஆஃபி ரசிகன்:
டியூனர் சொன்னது சரி. நான் விதியைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன், ஏனென்றால் இந்தக் கிளப் போகிற பாதை பழைய பாதை.

மிட்ஜெட் ரேஸுக்கு 1933-இல் சாக்ரமென்டோவில் தொடக்கம். அடுத்த ஓரிரு வருடத்திலேயே ஆஃபன்ஹவுசர் எஞ்சின் வந்து எல்லோரையும் பின்னுக்குத் தள்ளியது. அதை வாங்க முடியாதவர்கள் ஃபோர்டின் சின்ன வி8-60 எஞ்சினைப் போட்டு ஓடினார்கள். 2000-களில் அமெரிக்க ரேஸ் அமைப்பான யுஎஸ்ஏசி, ஃபோர்டு ஃபோகஸ் எஞ்சினை சீல் வைத்துக் கொடுத்து ஒரு மலிவுப் பிரிவு நடத்தியது. அதன் பிறகு ஹோண்டாவின் 2.4 லிட்டர். அவற்றில் டர்போ இல்லை, கவனித்தீர்களா? சீல் உடைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே பாதி சோதனை முடிந்தது. டர்போ வந்தால் சக்தி ஒரு ஹோஸிலும் ஒரு ஸ்பிரிங்கிலும் ஈசியுவில் ஒரு எண்ணிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதே யுஎஸ்ஏசி 1970-களில் இண்டியானாபொலிஸில் நடக்கும் இண்டி 500 ரேஸில் இந்தத் தலைவலியை அனுபவித்தது. டர்போ ஆஃபன்ஹவுசர்களின் சக்தி எல்லை மீறிப் போனதும் 1974-இல் பாப்-ஆஃப் வால்வைக் கொண்டுவந்தார்கள். குறிப்பிட்ட அழுத்தம் தாண்டினால் வால்வு திறந்து காற்றை வெளியே விட்டுவிடும். 1979-இல் சில அணிகள் வேஸ்ட்கேட்டின் வெளியேற்றுக் குழாயைக் குறுக்கிவிட்டன. வால்வு திறந்தும் ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு பூஸ்ட் ஏறியது. தகுதி நீக்கம், வழக்கு, கடைசியில் கூடுதலாக ஒரு தகுதிச் சுற்று. வழக்கமான 33-க்குப் பதில் 35 கார்கள் அந்த ரேஸில் புறப்பட்டன. வால்வை அதிகாரிகளே கையில் கொடுத்தும் இந்த நிலை.

களிமண் டிராக்:
அப்போ பூஸ்டை அளக்கவே வேண்டாம் என்கிறீர்களா?

கோவை டியூனர்:
நான் அப்படித்தான் சொல்வேன். டர்போவின் வாயில் ரெஸ்ட்ரிக்டர், அதாவது காற்று வழியைக் குறுக்கும் வளையம், போடுங்கள். குறிப்பிட்ட விட்டத்துக் கழுத்தில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், பின்னால் எவ்வளவு உறிஞ்சினாலும் அதற்கு மேல் ஒரு கிராம்கூட போகாது. காற்றுக்கு வரம்பு வந்தால் சக்திக்கும் வரம்பு வந்துவிடும். உலக ரேலியில் 2 லிட்டர் டர்போ கார்களை 34 மில்லிமீட்டர் துளையை வைத்தே சுமார் 300 குதிரைத்திறனில் பிடித்து வைத்திருந்தார்கள். மிட்ஜெட்டின் எடைக்கு அதுவே ஏராளம். அளக்க லாகர் வேண்டாம், கடைசலில் கடைந்த ஒரு பிளக் கேஜ் (துளையின் அளவு பார்க்கும் உருளை) போதும். அது துளைக்குள் போனால் காரை வெளியேற்று.

ஆஃபி ரசிகன்:
அதையும் ஏமாற்றியிருக்கிறார்களே! 1995 கேட்டலோனியா ரேலியில் டொயோட்டா செலிகாவின் ரெஸ்ட்ரிக்டரில் பிடித்தார்கள். கிளாம்பை இறுக்கினால் உள்ளே ஸ்பிரிங் அழுந்தி, ரெஸ்ட்ரிக்டர் கொஞ்சம் நகர்ந்து, பக்கவாட்டில் காற்றுக்கு வழி விடும். சோதிக்கக் கழற்றினால் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ அந்த அணிக்கு ஒரு வருடத் தடை விதித்தது.

கோவை டியூனர்:
உண்மைதான். அதற்குத்தான் கழற்றாமலே செய்யும் சோதனை இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ரெஸ்ட்ரிக்டரின் வாயை ரப்பர் ஒட்டிய தட்டால் அடைக்க வேண்டும். உடனே எஞ்சின் நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டு ஓடினால் வேறு எங்கோ காற்று நுழைகிறது. (கையால் அடைக்காதீர்கள், விரல் போய்விடும்.) ஒரே எச்சரிக்கை: ரெஸ்ட்ரிக்டர் போட்டபின் பழைய பூஸ்ட் இலக்கையே ஈசியுவில் வைத்திருந்தால், மேல் ஆர்பிஎம்மில் அந்த அழுத்தத்தை எட்டுவதற்காக டர்போ தன் வேக எல்லையைத் தாண்டிச் சுற்றும். இலக்கை மேலே போகப்போகக் குறைத்து டியூன் செய்ய வேண்டும்.

களிமண் டிராக்:
எனக்கு இதெல்லாம் அதிகப்படி. எங்கள் பக்கத்து ஸ்டாக் கார் பிரிவுகளில் கிளெய்ம் ரூல் இருக்கிறது. ரேஸ் முடிந்ததும், முன்பே குறித்த விலையைக் கொடுத்து ஜெயித்தவனின் எஞ்சினை இன்னொருவன் கேட்கலாம். கொடுத்தே ஆக வேண்டும். 3,000 டாலர் என்று குறித்துவிட்டால் அதில் 10,000 டாலர் கொட்ட யாருக்கு மனசு வரும்? டர்போவையும் ஈசியுவையும் சேர்த்தே கிளெய்ம் செய்யலாம் என்று எழுதிவிட வேண்டும்.

சனிக்கிழமை மெக்கானிக்:
வால்வு நன்றாகத்தான் இருக்கிறது. வேக்யூம் ஹோஸ்தான் பிரச்சினை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் வெப்பத் தகட்டை உரசியபடி போகிறது. வெளியில் பார்த்தால் லேசான பளபளப்பு மட்டும்தான். அறுத்துப் பார்த்தால் உள்ளே விரல் நகம் அளவுக்கு உருகி ஒட்டிப்போயிருக்கிறது, ஊதினால் காற்றே போகவில்லை. சிலிகான் ஹோஸ் போட்டு, வெப்ப உறை மாட்டி, வேறு வழியாகக் கொண்டுபோனோம். பயிற்சி ஓட்டத்தில் கிளப்பின் பெட்டியிலேயே உச்சம் 11.9.

இரண்டு பதிவையும் அச்செடுத்து சோதனை அதிகாரியிடம் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார். அடுத்த ரேஸிலிருந்து எல்லாக் கார்களுக்கும் மேனிஃபோல்டில்தான் ஹோஸ் சொருகுவார்களாம். எங்கள் மூன்றாவது இடம் திரும்பாது. ரேஸ் அன்று எழுதியிருந்த விதி அதுதான் என்கிறார். எரிச்சலாக இருந்தாலும் அதில் நியாயம் இருக்கிறது. ரெஸ்ட்ரிக்டர், கிளெய்ம் ரூல் இரண்டையும் சீசன் முடிவுக் கூட்டத்தில் வைக்கச் சொன்னார்.

புகை மட்டும் அப்படியே இருக்கிறது.

கோவை டியூனர்:
டர்போ எஞ்சினின் எந்தப் பக்கம் இருக்கிறது? ஆயில் திரும்பும் குழாய் சம்ப்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) எந்த உயரத்தில் சேர்கிறது?

சனிக்கிழமை மெக்கானிக்:
வலது பக்கம். சேஸிஸ் குழாய் இடித்ததால் ஆயில் திரும்பும் அந்த டிரெய்ன் ஹோஸை வளைத்து, பாதி உயரத்தில் சேர்த்திருக்கிறோம். கம்பெனியின் வெட் சம்ப்தான், ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் இல்லை.

கோவை டியூனர்:
அதுதான். இடது திருப்பம் மட்டுமே இருக்கும் டிராக்கில் ஆயில் முழுக்க வலது சுவரில் ஏறி நிற்கும். உங்கள் டிரெய்ன் வாய் அதற்குள் மூழ்கிவிடும். டர்போவிலிருந்து ஆயில் இறங்குவது தன் எடையால் மட்டும்தான், பின்னாலிருந்து தள்ள அழுத்தம் கிடையாது. வழி அடைபட்டால் பேரிங் அறை நிரம்பி, சீலைத் தாண்டி டர்பைன் பக்கம் கசியும். வேகத்தில் எக்ஸாஸ்ட் அழுத்தம் அதைத் தடுத்து வைக்கும், கசிந்த கொஞ்சமும் எரிந்து போய்விடும். மஞ்சள் கொடியில் அந்த அழுத்தம் இறங்கியதும் தேங்கியது புகையாகிறது. டர்போ கெட்டுவிட்டது என்று புதிது வாங்கிவிடாதீர்கள்.

டிரெய்னை சம்ப்பின் இடது பக்கம், ஆயில் மட்டத்துக்கு மேலே சேருங்கள். ஹோஸ் எங்கேயும் தொங்கி மேலே ஏறக் கூடாது. உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையவே கூடாது. எஞ்சினின் உள்ளழுத்தத்தை வெளியே விடும் கிராங்க்கேஸ் பிரீதரும் அடைபடாமல் இருக்கிறதா பாருங்கள். இடம் இல்லையென்றால் ஆயிலை உறிஞ்சி அனுப்பும் மின்சார ஸ்கேவெஞ்ச் பம்ப் ஒன்று வைக்கலாம், ஆனால் உங்கள் காரில் ஆல்டர்னேட்டர் கிடையாது, பேட்டரிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளப் விதியில் அதற்கு இடமுண்டா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள், தம்பி.