பி.எஸ்சி. விலங்கியல் முடித்தாச்சு, அடுத்து பி.எட்.டா எம்.எஸ்சி.யா? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆசிரியர்கள் சொல்லுங்கள்

பென்னாகரத்துப் பெண்:
வணக்கம். பென்னாகரம் பக்கம் கிராமம். இந்த வருஷம் தர்மபுரியில் விலங்கியல் முடித்தேன், ஒன்றாம் வகுப்பிலிருந்து டிகிரி வரைக்கும் தமிழ் வழிதான். ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. அப்பா கேழ்வரகும் சாமையும் போடுகிறார், அதனால் இன்னும் நாலு வருஷம் படிக்கிறேன் என்று அவரிடம் கேட்க மனசு வரவில்லை. எம்.எஸ்சி. முடித்துவிட்டு பி.எட். போ என்கிறார் மாமா, பி.எட். முடித்தவர்களே வீட்டில் இருக்கிறார்கள் என்கிறார் சித்தப்பா. எனக்கு இரண்டு பயம். பிளஸ் டூவில் நான் கணக்கு எடுக்கவில்லை, டெட்டில், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வில், கணக்கும் வருமாமே? இன்னொன்று, பத்தாவதில் இனப்பெருக்கப் பாடம் வந்தபோது எங்கள் டீச்சர் "வீட்டில் படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். நான் அந்த இடத்தில் நின்றால் என்ன செய்வேன் என்று நினைத்தாலே வேர்க்கிறது.

ஊத்தங்கரை டீச்சர்:
பத்து வருஷத்துக்கு மேலாக அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன் மா, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒன்றைப் புரிந்துகொள். பத்தாவது வரைக்கும் உயிரியல் என்று தனிப் பாடம் கிடையாது, அறிவியல்தான். பணியிடம் விலங்கியல், தாவரவியல், இயற்பியல், வேதியியல் என்று பிரித்துத்தான் நிரப்புகிறார்கள், ஆனால் சின்னப் பள்ளிக்குப் போனால் மின்சுற்றும் உன் தலையில்தான், அமில காரமும் உன் தலையில்தான். நான் சேர்ந்த முதல் வருஷம் எட்டாவதுக்கு இயற்பியல் எடுக்க ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டுக் காலையில் போய் நிற்பேன். அதனால் கணக்கு பயத்தை இப்போதே உடைத்துவிடு. டெட் இரண்டாம் தாளில் 150 கேள்வி: குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, உங்களுக்குக் கணிதமும் அறிவியலும் சேர்த்து 60. கணக்குக்கு ஆறிலிருந்து பத்து வரைக்குமான அரசுப் புத்தகங்களை ஒரு கணக்கு விடாமல் போட்டுப் பார், கோச்சிங் அதற்கு அப்புறம்.

டெட் பாஸ் செய்தாலே வேலை என்ற காலம் போய்விட்டது. 2018 அரசாணைக்கு அப்புறம் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு நியமனத் தேர்வு தனியாக எழுத வேண்டும், அதில் உன் மேஜரில் 150 மதிப்பெண். அதோடு கட்டாயத் தமிழ்த் தகுதித் தேர்வு, 50க்கு 20 எடுக்கவில்லை என்றால் மெயின் பேப்பரையே திருத்த மாட்டார்கள். நீ முழுக்கத் தமிழ் வழி என்பதால் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்றிதழ் வாங்க வேண்டும், அதை இந்த லீவிலேயே வாங்கி வை. கடைசி நேரத்தில் தலைமையாசிரியர் மாறியிருப்பார், பதிவேடு கிடைக்காது, அலைச்சல்.

பி.எட்.டுக்குக் குமாரபாளையம், வேலூர் இரண்டு ஊரிலும் அரசுக் கல்வியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர், செலவு ரொம்பக் குறையும். "வராமலே பாஸ் பண்ணலாம்" என்று சொல்கிற கல்லூரிப் பக்கம் மட்டும் போகாதே. பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது அந்த இரண்டு வருஷத்தின் அருமை தெரியும்.

பாலக்கோடு, பி.எட். இரண்டாம் ஆண்டு:
டீச்சர் சொன்னது எல்லாம் சரி. நான் இப்போது பள்ளிப் பயிற்சியில் இருக்கிறேன், மொத்தம் 16 வாரம். பாடக்குறிப்பு எழுதி எழுதிக் கை வலிக்கும், சார்ட், தெர்மாகோல் மாடல், ரெக்கார்டு என்று ஓடிக்கொண்டே இருக்கும், கடைசியில் கமிஷன் வேறு, அதாவது வெளித் தேர்வாளர்கள் வந்து பார்க்கிற செய்முறைத் தேர்வு. ஆனால் நான் கற்றுக்கொண்டது ரெக்கார்டில் இல்லை, ஒன்பதாம் வகுப்பில்.

ஊட்டச்சத்துப் பாடம் எடுக்கும்போது, நம்ம மாவட்டப் பிரச்சினை ஆயிற்றே என்று, ஃபுளோரைடு கறை படிந்த பல் படத்தைக் காட்டி "உங்களில் யாருக்கு இப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் அப்படியே கையை வாயில் வைத்தாள். அந்த பீரியட் முடிகிற வரை எடுக்கவில்லை. எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. வழிகாட்டி ஆசிரியர் திட்டவில்லை, "பல்லில் ஆரம்பிக்காதே, தண்ணியில் ஆரம்பி" என்று மட்டும் சொன்னார். மறுநாள் எல்லாரையும் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, போர், கிணறு, ஒகேனக்கல் குழாய் என்று சீட்டு ஒட்டி மேஜையில் வரிசையாக வைத்தேன். ஆழமான போர் தண்ணீரில் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து வருவது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது என்பது, சின்ன வயதில் ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமல் பாதிக்கப்படுவதால் எவ்வளவு தேய்த்தாலும் கறை போகாது என்பது, இதெல்லாம் பேசினோம். "அப்ப இது பல்லு வெளக்காததால வந்தது இல்லையா மிஸ்?" என்று கேட்டது அதே பெண்தான், கை வாயில் இல்லாமல்.

ஓசூர்க்காரன்:
கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உயிரியல் மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று மனசு இருந்தால் பதினொன்று, பன்னிரண்டுதான் வழி, அதற்கு எம்.எஸ்சி., பி.எட். இரண்டும் வேண்டும். முதுகலை ஆசிரியர் தேர்வில் 150ல் 110 பாடத்திலிருந்து, 30 கல்வியியல், 10 பொது அறிவு, தமிழ்த் தகுதித் தேர்வு இங்கேயும் உண்டு. டெட் கேட்க மாட்டார்கள், கணக்கும் வராது. நான் எம்.எஸ்சி. முடித்துத் தனியார் பள்ளியில் பிளஸ் டூ எடுக்கிறேன், பாடத்தில் ஆழமாகப் போகிற சந்தோஷமே தனி. ஆனால் வீட்டு நிலைமை இப்படி இருக்கும்போது முதலில் பி.எட். முடித்து, டெட் எழுதிவிட்டு, ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே எம்.எஸ்சி. பற்றி யோசிக்கலாம். எப்போது படித்தாலும் அதையும் விலங்கியலிலேயே படியுங்கள். பெயர் நன்றாக இருக்கிறது என்று வேறு பாடத்துக்கு மாறினால் அப்புறம் அந்தப் படிப்பு விலங்கியலுக்குச் சமம் என்று சொல்கிற இணைத்தன்மை அரசாணையைத் தேடி அலைய வேண்டியிருக்கும். என்னோடு படித்த இரண்டு பேர் அப்படி மாட்டினார்கள்.

பென்னாகரத்துப் பெண்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பி.எட்.டுக்கே விண்ணப்பம் போடுகிறேன், குமாரபாளையம் முதலில், வேலூர் அடுத்து. அந்தப் பல் விஷயம் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், என் தம்பிக்கும் அந்தக் கறை இருக்கிறது. டீச்சர், என் இரண்டாவது பயத்துக்கு ஒரு வழி சொல்லுங்களேன்.

ஊத்தங்கரை டீச்சர்:
அதை விட்டுவிட்டேன் பார். ஆண் பிள்ளை பெண் பிள்ளை என்று பிரிக்காமல் ஒன்றாக உட்காரவைத்தே எடு. புத்தகத்தில் இருக்கிற சொல்லையே சொல், கருப்பை என்றால் கருப்பை, விந்தகம் என்றால் விந்தகம். குரலைத் தாழ்த்தாதே, நீ தாழ்த்தினால்தான் அவர்கள் சிரிப்பார்கள். செம்பருத்தியில் ஆரம்பி. ஆளுக்கொரு பூ கொடுத்து, மகரந்தத்தாள் குழலைப் பிரித்து, சூற்பையைக் குறுக்கே வெட்டிச் சூல்களை எண்ணச் சொல். பூவில் இந்தச் சொற்கள் வாயில் பழகிவிட்டால் மனித உடலுக்கு வரும்போது பாதிக் கூச்சம் போயிருக்கும்.

அப்புறம் ஒரு அட்டைப்பெட்டி வை. பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடட்டும். நான் முதல்முறை வைத்தபோது 31 சீட்டு வந்தது, அதில் ஏழு சீட்டில் ஒரே கேள்வி: "மாதவிடாயில் வருவது கெட்ட ரத்தமா?" கருவுக்காகத் தயாரான கருப்பை உட்சுவர், கரு தங்காதபோது ரத்தத்தோடு உரிந்து வெளியேறுகிறது, அதில் கெட்டது ஒன்றும் இல்லை என்று படம் போட்டுச் சொன்னேன். ஏழில் இரண்டு சீட்டு பையன்கள் கையெழுத்து. ஒருத்தன் மணி அடித்த பிறகு வந்து, "எங்க அக்காவை அந்த நாள்ல திண்ணைல படுக்க வெக்கிறாங்க டீச்சர், இத எங்கம்மாகிட்ட சொல்லலாமா?" என்று கேட்டான். நோட்டில் படத்தை வரைந்துகொண்டு போனான்.

விண்ணப்பம் போட்டதும் இங்கே எழுது. ஆறாவதிலிருந்து எட்டாவது வரை பழைய அறிவியல், கணக்குப் புத்தகம் என்னிடம் ஒரு செட் இருக்கிறது, தர்மபுரி வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.