சாகும் நேரத்தில் பண்டாரநாயக்க காட்டிய கருணை யாருடையது?

தாண்டவன்வெளிப் பழசு:
நேற்று வெசாக் தன்சல் (இலவச உணவுப் பந்தல்) படங்களுக்குக் கீழே ‘திகவாபி வீதி’ என்பவர் போகிற போக்கில் ஒன்றை எழுதிவைத்திருக்கிறார். கருணையும் சகிப்பும் பௌத்தத்தின் சொத்தாம். கிறிஸ்தவம் அதைக் கடன் வாங்கியதாம், அந்தக் கடனையும் ஒழுங்காகக் கட்டவில்லையாம். ஆதாரத்துக்கு இலங்கையின் பழைய பிரதமர் பண்டாரநாயக்கவை இழுத்திருக்கிறார்: தன்னைச் சுட்டவனுக்கே கருணை காட்டச் சொன்ன பௌத்தத் தலைவராம். அதற்கும் கை தட்ட ஆட்கள்.

சரி, அந்த ஆதாரத்தையே பார்ப்போம். 1959 செப்டம்பர் 25 காலை அவரை அவருடைய வீட்டில் வைத்துச் சுட்டவர் தல்துவே சோமாராம. காவியுடுத்த பிக்கு, ஆயுர்வேதக் கண் வைத்தியர். பின்னால் நின்றவர் களனி விகாரையின் தலைமைப் பிக்கு புத்தரக்கித. குண்டு பட்டவர் மறுநாள் கண்மூடுவதற்கு முன் நாட்டுக்கு ஒரு செய்தி விட்டார். பிக்கு உடையில் வந்த ஒரு மூடன் என்னைச் சுட்டான், அவன்மேல் கருணை காட்டுங்கள், பழிவாங்காதீர்கள் என்று. இதைச் சொன்னவர் யார்? ஆங்கிலிக்கன் ஞானஸ்நானம் பெற்று, சென் தோமஸ் கல்லூரியில் படித்து, வெள்ளைக்காரத் தேசாதிபதி ரிஜ்வேயின் பெயரை நடுப்பெயராகச் சுமந்தவர். “பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே” என்று சின்ன வயதில் கேட்டதுதான் கடைசியில் வாயில் வந்தது. சுட்டது விகாரை, மன்னித்தது வேதக்கோயில்.

திகவாபி வீதி:
வணக்கம் சேர். என்னுடைய இரண்டு வரிக்கு இவ்வளவு கோபம் வரும் என்று தெரிந்திருந்தால் நாலு வரி எழுதியிருப்பேன்.

பண்டாரநாயக்க பிறந்தது 1899. ஒக்ஸ்போர்டிலிருந்து திரும்பியது 1925. அதன்பிறகு பௌத்தரானார். இறக்கும்போது வயது 60. கூட்டிக் கழித்துப் பாருங்கள், வேதக்கோயிலில் இருந்ததைவிட விகாரையில் இருந்த காலம் கூட. மறுகா எப்படி அது கோயில் மன்னிப்பு ஆகும்? பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 21ஆவது சுத்தத்தை, அதாவது போதனையை, பாருங்கள். கள்வர்கள் இரண்டு பக்கமும் பிடி போட்ட, மரம் அரியும் வாளால் உன் அங்கங்களை ஒவ்வொன்றாக அறுத்தாலும், அந்த நேரத்தில் மனதில் பகை வைத்தால் நீ என் சொல்லைக் கேட்டவன் அல்ல என்கிறார் புத்தர். இது சிலுவைக்குச் சில நூறு வருஷம் முந்தியது.

சகிப்பைப் பற்றியும் சொல்லட்டா? கோவாவுக்கு மதவிசாரணை மன்றம் வேண்டுமென்று போர்த்துக்கல் அரசனுக்கு எழுதியவர் உங்கள் சவேரியார். 1560இல் வந்தும் சேர்ந்தது. கோணேசர் கோயிலை இடித்த கையும் அதே கைதான்.

தாண்டவன்வெளிப் பழசு:
கோவா, கோணேசர் என்று ஓட வேண்டாம். உதாரணத்தைக் கொண்டுவந்தவர் நீர், அதிலேயே நிற்கவும். ஆள் எத்தனை வருஷம் எங்கே இருந்தார் என்பது வாடகைக் கணக்கு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? ஞானஸ்நானம் ஒருவருக்கு ஒருமுறைதான், அது கழுவினாலும் போகாது. அரசியலுக்காகத் தேசிய உடை போட்டவர் அரசியலுக்காக மதமும் மாறினார் என்று அவர் காலத்திலேயே ஊர் சிரித்தது. வயிற்றில் குண்டோடு கிடக்கும்போது ஒருவன் வாக்கு எண்ண மாட்டான். அப்போது வந்ததுதான் அசல். சுட்டது விகாரை, மன்னித்தது வேதக்கோயில்.

கல்முனைக் காக்கா:
இரண்டு பேரும் கொழும்பிலேயே நிற்கிறீர்கள். அந்தப் பெரிய மனிதர் பிரதமராக இருந்த காலத்தில் எங்கள் பக்கம் நடந்ததைக் கொஞ்சம் கதைப்போமா? 1956 மே மாதம் புத்த ஜயந்தி, 2500 வருஷம் என்று நாடு முழுக்கப் பந்தல். ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம். காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களுக்கு அடி. அதே ஜூனில் கல்லோயாவில் சிங்களக் குடியேற்றக்காரர்களும் அரசாங்க வேலையாட்களும் சேர்ந்து தமிழர்களை வெட்டினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டின் முதல் இனக்கலவரம், எங்கள் அம்பாறையில். செத்தவர்கள் நூறுக்கு மேல். கருணை அந்த மனிதருக்குத் தன் உடம்பில் குண்டு பட்ட பிறகுதான் வந்ததுபோல. அது எந்தக் கோயிலில் படித்தது என்று கேட்டு எனக்கு என்ன கிடைக்கப்போகிறது?

தாண்டவன்வெளிப் பழசு:
காக்கா, கல்லோயாவைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அது நீங்கள் எனக்கு ஆதரவாகச் சொல்லும் சாட்சி. புத்த ஜயந்தி வருஷத்திலேயே வெட்டு. திகவாபி வீதி பதில் சொல்லட்டும்.

கல்முனைக் காக்கா:
நான் யாருக்கும் சாட்சி சொல்ல வரவில்லை சேர். சட்டம் கொண்டுவந்தவர் உங்கள் ஞானஸ்நானக்காரர்தானே? மன்னிப்பு மட்டும் உங்களுடையது, சட்டம் மட்டும் விகாரையுடையதா? நல்ல பங்குபிரிப்பு.

பாண்டிருப்புப் பேரன்:
😂😂 காக்கா நச்சென்று சொன்னார்.

கல்லடிக் காத்து:
ஒரு விஷயத்தை இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள். சோமாராம 1962 ஜூலை 6 வெலிக்கடையில் தூக்கில் போடப்பட்டார். அதற்கு முன் சிறைக்குள்ளேயே ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார். செத்தவர் கோயிலிலிருந்து விகாரைக்கு, சுட்டவர் விகாரையிலிருந்து கோயிலுக்கு. இப்போது கணக்கு எப்படி?

திகவாபி வீதி:
அப்படிச் சொல்லு தம்பி! சேரின் விதிப்படி ஞானஸ்நானம் கழுவினாலும் போகாதல்லவா? அப்படியென்றால் கொலைகாரன் கிறிஸ்தவன். சுட்டது வேதக்கோயில் என்று எழுதிக்கொள்ளலாமா?

தாண்டவன்வெளிப் பழசு:
சுட்டபோது காவி, தூக்குக்கு முன் ஞானஸ்நானம். முன்னும் பின்னும் தெரியாதவரோடு என்ன விவாதம்? அந்த மனிதன் கடைசி நேரத்தில் மன்னிப்பைத் தேடி எங்கே போனான் என்று கேளுங்கள். உடம்பின் முப்பத்திரண்டு கூறுகளையும் அசுத்தம் என்று நினைக்கிற அசுப தியானத்துக்குப் போகவில்லை, பாதிரியாரிடம் வந்தான். விகாரைக்குள் மன்னிப்பு இருந்திருந்தால் ஏன் வெளியே வருகிறான்? கருமவினை கருமவினை என்று சொல்கிற மதத்தில் செய்தவன் அனுபவிக்க வேண்டியதுதான். அங்கே கருணை என்பது மரத்துக்குக் கீழே இருந்து நினைக்கிற நினைப்பு.

இன்னொன்று. 1958இல் மரணதண்டனையை நிறுத்தி வைத்தது பண்டாரநாயக்க அரசு. அவர் செத்தவுடன், பழிவாங்காதீர்கள் என்று அவர் சொன்ன சூடு ஆறமுன், அதே வருஷம் தகநாயக்க அரசு தூக்குக் கயிற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. பௌத்த நாடு! புத்தரக்கித தப்பியதுகூடக் கருணையால் இல்லை. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பழைய தேதிக்குச் செல்லுபடியாக்கும்போது கொலைச் சதியைச் சரியாகச் சேர்க்கவில்லை, அந்த ஓட்டையால் ஆயுள் தண்டனையாயிற்று.

திகவாபி வீதி:
அதே பௌத்த நாட்டில்தான் 1976க்குப் பிறகு ஒருவரையும் தூக்கில் போடவில்லை. உங்கள் கிறிஸ்தவ அமெரிக்கா இன்றைக்கும் மரணதண்டனை நிறைவேற்றுகிறது. தியானத்தை நக்கலடிக்கிறீர்கள், போன வருஷம் திருவிழா ஒலிபெருக்கி இழையிலும் இதே நக்கல்தான். பதில் சொன்ன என்னைத் தடைசெய்தீர்கள். சகிப்புத்தன்மை!

தாண்டவன்வெளிப் பழசு:
தடைசெய்தது கெட்ட வார்த்தைக்கு. கருத்துக்கு அல்ல. 1976க்குப் பிறகு தூக்கு இல்லையா? 1983 ஜூலையில் அதே வெலிக்கடைக்குள் 53 தமிழ்க் கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். கயிறு தேவைப்படவில்லை.

பாண்டிருப்புப் பேரன்:
கருணை பற்றி நானும் ஒன்று சொல்லட்டா? சுனாமிக்குப் பிறகு எங்கள் முகாமுக்கு ஒரு ஜெபக்கூட்டத்தார் வந்தார்கள். சட்டி, பாய், அரிக்கன் லாம்பு எல்லாம் வரிசையில் நின்று வாங்கினோம். லாம்பு வாங்கப் போனால் முதலில் கையில் துண்டுப்பிரசுரம், பிறகு பெயரும் மதமும் எழுதும் கொப்பி, கடைசியில்தான் லாம்பு. என் அம்மம்மா திரௌபதை அம்மனுக்குத் தீமிதித்த கால். “லாம்பு வேணாம் மனே, நிலவு வருகுதுதானே” என்று திரும்பி வந்துவிட்டா. அதற்கு முன் இரண்டாம் நாளே அம்பாறைப் பக்கமிருந்து சிங்களச் சனம் லொறியில் சோற்றுப் பார்சல் கொண்டுவந்தது. பருப்பும் தேங்காய்ச் சம்பலும். ஒருவரும் பெயர் கேட்கவில்லை. இதை நான் பௌத்தம் என்று சொல்லவில்லை. ஆனால் லாம்புக்காரரைக் கருணை என்றும் சொல்ல மாட்டேன்.

தாண்டவன்வெளிப் பழசு:
அந்தக் கூட்டங்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் மெதடிஸ்தரும் அப்படிச் செய்வதில்லை. 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்து இறங்கி அடுத்த வருஷமே செத்துப்போனார். இந்த வாவிக்கரையில் எழுத்தறிவு எங்கிருந்து வந்தது என்று உங்கள் தாத்தாவைக் கேளுங்கள்.

கல்லடிக் காத்து:
சேர் தாண்டவன்வெளிக் கத்தோலிக்கர்தானே, மெதடிஸ்தரை எப்போது தத்தெடுத்தார்? கிரிக்கெட் என்று வந்தால் மெதடிஸ்த சென்ட்ரல் கல்லூரிக்காரரை மனிதராகவே மதிக்க மாட்டாரே. 😁

தாண்டவன்வெளிப் பழசு:
பள்ளிக்கூடச் சண்டையை இதற்குள் கொண்டுவர வேண்டாம். எங்கள் கத்தோலிக்க மைக்கேல் கல்லூரி 1873, சென்ட்ரல் 1814, வயதில் அவர்கள் மூத்தவர்கள் என்பதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. விளையாட்டில் மூப்புக்குப் புள்ளி இல்லை.

உங்களுக்கெல்லாம் கருணை என்றால் லாம்பு, பார்சல். நான் ஒருவரைச் சொல்கிறேன். ஜேசு சபைக் குரு யூஜின் ஹெபர்ட், அமெரிக்கர். மைக்கேல் கல்லூரி கூடைப்பந்துத் திடலில் விசிலோடு நின்று இரண்டு மூன்று தலைமுறைப் பையன்களைப் பழக்கியவர். அதில் சைவப் பையன்களும் முஸ்லிம் பையன்களும் இருந்தார்கள். 1990இல் ஊர் எரிந்துகொண்டிருந்தபோது அவருக்குப் போக ஒரு நாடு இருந்தது, போகவில்லை. ஓகஸ்ட் 15 வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும்போது, கூடவந்த பையனோடு காணாமல் போனார். இன்றுவரை இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் செத்தார்கள். அடுத்த வருஷ ஈஸ்டர் பிரசங்கத்தில் கர்தினால் வெளிப்படையாகவே மன்னித்துவிட்டோம் என்றார். இதற்கு ஈடாக விகாரைப் பக்கம் ஒரு மன்னிப்பைக் காட்டுங்கள். காட்ட ஒன்று இருந்தது, அதுவும் எங்கள் ஞானஸ்நானக்காரர்.

கல்முனைக் காக்கா:
ஹெபர்ட் பாதிரியாரைப் பற்றி என் வாப்பாவும் மரியாதையாகத்தான் சொல்வார். அந்த ஞாயிறுக்கு நாங்களும் வெட்கப்பட்டு அழுதோம் சேர், அதில் பேச்சில்லை. ஆனால் மன்னிப்புக்கு அடுத்த வீட்டில் என்ன நடந்தது? அடுத்த மாதமே குருநாகல், மினுவாங்கொடைப் பக்கம் எங்கள் கடைகள் எரிந்தன. அதற்கு முந்திய வருஷம் பெப்ரவரியில் அம்பாறை டவுனில், சாப்பாட்டுக்கடைக் கறிக்குள் கிடந்த ஒரு மாக்கட்டியைக் கருத்தடை மாத்திரை என்று சொல்லிப் பள்ளிவாசலை உடைத்தார்கள். அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்து மாச்சத்து என்று அறிக்கை கொடுத்தார். மாத்திரை விழுந்து மலடான ஆண் ஒருவரையாவது காட்டச் சொல்லுங்கள். திகவாபி வீதி, நீங்கள் சொன்ன 21ஆவது சுத்தம் அம்பாறை டவுனுக்கு இன்னும் வந்து சேரவில்லையா?

திகவாபி வீதி:
காக்கா, செய்தவன் காடையன். அதற்குப் புத்தர் பொறுப்பா? நான் கதைத்தது போதனையை. அசோகன் தன் 12ஆவது பாறைக் கல்வெட்டில், மற்றவன் மதத்தைப் பழிக்கிறவன் தன் மதத்துக்கே கேடு செய்கிறான் என்று எழுதியவன். எந்தக் கிறிஸ்தவ அரசன் அந்தக் காலத்தில் இப்படி எழுதினான்?

தாண்டவன்வெளிப் பழசு:
அந்தக் காலத்தில் கிறிஸ்தவமே இல்லை, அரசன் எங்கிருந்து வருவான்? அசோகனின் 13ஆவது கல்வெட்டையும் வாசியும். கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் செத்ததற்கு வருந்துகிறான். சரி. அதே கல்வெட்டில் காட்டுச் சனங்களைப் பார்த்து, அடங்கி இராவிட்டால் வருத்தப்படுகிற எனக்குக் கொல்லவும் பலம் உண்டு என்று எச்சரிக்கிறான். மகாவம்சத்தின் 25ஆம் அதிகாரத்துக்கும் வருவோம். எல்லாளன் படையைக் கொன்ற துட்டகைமுனு மனம் வருந்த, பிக்குகள் வந்து தேற்றுகிறார்கள்: செத்ததில் மனிதர் ஒன்றரைப் பேர்தான், மற்றவர் மிருகத்துக்குச் சமம் என்று. உங்கள் போதனை அரை மனிதன் வரைக்கும் கணக்குப் பார்க்கும்.

திகவாபி வீதி:
அது வரலாறு எழுதிய பிக்குவின் கணக்கு, புத்தரின் கணக்கு அல்ல. அதே துட்டகைமுனு எல்லாளன் சமாதிக்கு மரியாதை செய்யச் சொன்னதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. வசதியாக விட்டுவிட்டீர்கள்.

பாண்டிருப்புப் பேரன்:
லாம்புக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

தாண்டவன்வெளிப் பழசு:
சமாதிக்கு மரியாதை, உயிரோடிருந்தவருக்கு வெட்டு. சரியாகச் சொன்னீர். பண்டாரநாயக்க ஞானஸ்நானம் பெற்றாரா இல்லையா, ஆம் அல்லது இல்லை, ஒரு சொல்லில் பதில் வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

திகவாபி வீதி:
பெற்றார். விட்டார். இரண்டு சொல்.

தாண்டவன்வெளிப் பழசு:
விட முடியாது என்றுதான் காலையிலிருந்து சொல்கிறேன். தம்பிக்கு வேலை நேரம் போலிருக்கிறது, இரவு கோவாவைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். புரட்டஸ்தாந்து டச்சுக்காரன் கத்தோலிக்கருக்குச் செய்த கொடுமையையும் சேர்த்து.

கல்முனைக் காக்கா:
அப்போ மெதடிஸ்தரோடு திரும்பவும் கோபமா சேர்?