1984 பத்மினி: பில் ஃபைலுக்காக 40,000 ரூபாய் கூடக் கொடுக்கலாமா?

பேட்டைக்காரன்:
1984 பிரீமியர் பத்மினி ரெண்டு பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு புது பெயின்ட், புது சீட் கவர்; பில் ஒண்ணுகூடக் கிடையாது. இன்னொண்ணு மங்கல், ஆனா 1991-லிருந்து பில் எல்லாம் ஃபைலில் இருக்கு. 40,000 ரூபாய் கூடுதல். தகுமா? ஃபைலில் எதைப் பார்க்கணும்?

லேத்_மணி:
தகும். முதலில் லேத் பில்லை (இன்ஜின் பாகங்களைக் கடைஞ்ச பட்டறை கொடுத்த பில்) தேடுங்க. 1089 சிசி இன்ஜினில் போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) எந்த சைஸில் நிற்குதுன்னு வெளியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. தேயத் தேய துளையைப் பெருசாக்கி ஸ்டாண்டர்டு, 20, 40, 60 சைஸ் வரை போயாச்சுன்னா அடுத்தது ஸ்லீவ்தான் (துளைக்குள் புதுக் குழாய் இறக்குறது). அந்தச் செலவை விலையில் கழிச்சுப் பேசுங்க. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) எத்தனை சைஸ் கிரைண்டிங் ஆகியிருக்குன்னும் அதே பில்லில் இருக்கும்.

அடுத்தது ஹெட் (பிளாக்குக்கு மேலே சிலிண்டர்களை மூடும் பாகம்). பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். கூலன்ட் இல்லாம போர்வெல் தண்ணீரையே ஊத்தி ஓட்டினா தண்ணி வழியைச் சுற்றி அலுமினியம் அரிச்சுப் பள்ளம் விழும், கேஸ்கெட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு) போகும், சூடேறி ஹெட் வளையும். ஃபேஸிங் (வளைஞ்ச முகத்தைச் சீவிச் சமமாக்குறது) பண்ணப் பண்ண ஹெட் தேஞ்சுக்கிட்டே வரும். மூணு ஃபேஸிங் பில் இருந்தா வேற ஹெட் தேட வேண்டியிருக்கும்னு கணக்கு வச்சுக்கோங்க.

நடுவில் நாலஞ்சு வருஷம் பில்லே இல்லையா? வண்டி நின்னுக்கிட்டு இருந்திருக்கும். பிரேக்கோட வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், டேங்க் உள்ளே துரு பிடிச்சிருக்கும்.

கார்பன்_காப்பி:
பில் அசலான்னு பாருங்க. 2005 தேதி போட்ட பில்லில் 33-ல் தொடங்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருந்தா, அது பின்னால் அடிச்ச பில். ஜிஎஸ்டி வந்ததே 2017 ஜூலையில். பத்து வருஷத்து பில்லும் ஒரே பேனா, ஒரே கையெழுத்துன்னா கிட்டவே போகாதீங்க. அசல் ஃபைலில் மடிச்ச இடம் கிழிஞ்சிருக்கும், கார்பன் எழுத்து மங்கியிருக்கும், ஓரத்தில் கிரீஸ் விரல் பதிஞ்சிருக்கும்.

மீட்டரை நம்பாதீங்க, ஐந்து இலக்கம்தான், 99,999 தாண்டினா பூஜ்யத்துக்குத் திரும்பிடும். பில்லில் எழுதின கிலோமீட்டரை வரிசையா அடுக்கிப் பாருங்க. இன்ஜின் நம்பர் ஆர்சியோட ஒத்துப் போகணும். இன்ஜின் மாத்தியிருந்தா ஆர்டிஓவில் பதிவு ஆகியிருக்கணும். ஆகலைன்னா எஃப்சிக்கு (தகுதிச் சான்று) போகும்போது மாட்டிக்குவீங்க.

பேட்டைக்காரன்:
நன்றி. பில் இல்லாத வண்டியைச் சோதிக்க வழியே இல்லையா?

லேத்_மணி:
ஓரளவு உண்டு. இன்ஜினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) எடுங்க. நாலுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்கணும். குறைஞ்ச சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்க. ஏறினா பிஸ்டன் ரிங் அல்லது போர் தேய்ஞ்சிருக்கு; ஏறலைன்னா வால்வு. பக்கத்துப் பக்கத்து ரெண்டு சேர்ந்து குறைஞ்சா கேஸ்கெட்.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. ஆட்டம் நின்னா பேரிங், நிற்கலைன்னா கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு முளை).

புது பெயின்ட்டை நான் சந்தேகத்தோடதான் பார்ப்பேன். காந்தத்தை மெல்லிய துணியில் சுத்தி, கதவுக்குக் கீழேயும் வீல் ஆர்ச்சிலும் வச்சுப் பாருங்க. ஒட்டலைன்னா உள்ளே பட்டி (துருவையும் பள்ளத்தையும் மறைக்கப் பூசுற பசை). கால்மிதி மேட்டைத் தூக்கி, தரையில் துரு இருக்கான்னும் பாருங்க.

கார்பன்_காப்பி:
ஒண்ணு விட்டுப் போச்சு. பெட்ரோல் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் (வண்டியோட பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் தகடு) சமீபத்தில் மாத்தின பில் இருக்கான்னு பாருங்க. இப்போ பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்; பழைய ரப்பர் அதில் ஊறி விரிசல் விடும். பில் இல்லைன்னா எந்த வண்டி எடுத்தாலும் முதல் வேலையா ரெண்டையும் மாத்திடுங்க.