விகோவில் கப்பல் நிற்கும் நேரத்துக்குள் சந்தியாகோ பேராலயம் போய் வர முடியுமா?

கருமத்தம்பட்டிக்காரன்:
அப்பா அம்மாவோட சவுத்தாம்டனில் கப்பல் ஏறுறோமுங்க. ஸ்பெயினில் விகோ துறைமுகத்துக்குக் காலை 8-க்கு வந்து, சாயங்காலம் 5-க்குக் கிளம்புது. சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா ஊர்ப் பேராலயத்தில் இயேசுவோட சீடர் சந்தியாகப்பர் கல்லறை, பூசை, அந்தப் பெரிய தூபக்கலசம் ஆடுறது எல்லாம் பாக்கோணும்னு அம்மாவுக்கு ஆசை. கப்பல் டூர் வேண்டாம், நாங்களே போயிரலாமுங்களா? விசா எப்படிங்க?

நொய்யல்கரை:
போலாமுங்க. ஆனா விகோவில் ரெண்டு ரயில்வே ஸ்டேஷன், பலபேர் கோட்டை விடுறது அங்கதான். துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற கிஷாரில் இருந்து போற வண்டி மெதுவாப் போகும். வேகமான வண்டி உர்சாயிஸில். ஒரு மணி நேரத்துக்குள்ள சந்தியாகோ. அந்த ஸ்டேஷன் மேட்டுல இருக்கு, பெரியவங்களை நடத்தாதீங்க, டாக்ஸி வெச்சுக்குங்க. டிக்கெட் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும்தான். அதனால போக, வர ரெண்டுக்கும் ஸ்டேஷன் பேரைப் பாத்து முன்கூட்டியே எடுங்க. திரும்புறது 2 மணியை ஒட்டி இருக்கட்டும். அது தவறினா அடுத்த வண்டியிலயும் நேரத்துக்குத் துறைமுகம் வந்து சேரணும். டூர் பஸ் லேட்டானாக் கப்பல் நிக்கும், உங்களுக்காக நிக்காது. முந்தின ஊர் போர்ச்சுகல்னா அங்க நேரம் ஸ்பெயினுக்கு 1 மணி பின்னால. கப்பல் கடிகாரம் எந்த நேரத்தில ஓடுதுன்னு முந்தின ராத்திரியே கேட்டுக்குங்க.

கூடுதுறை:
பேராலயத்தில் யாத்திரிகர்களுக்கான பூசை மதியம் 12-க்கு. 11-க்கெல்லாம் உள்ள உக்காந்தாத்தான் இடம். பெரிய முதுகுப்பையோட உள்ள விடமாட்டாங்க. பீடத்துக்குப் பின்னால படியேறிச் சந்தியாகப்பர் சிலையைக் கட்டிப்பிடிக்கிறதையும், கீழ நிலவறையில் கல்லறையையும் பூசைக்கு முன்னாலயே முடிச்சிருங்க.

தூபக்கலசத்தை நம்பிப் போகாதீங்க. 53 கிலோ, 8 பேர் சேந்து கயிறு இழுக்கோணும். குறிப்பிட்ட திருநாள்லயும், யாராச்சும் காணிக்கை கட்டினாலும்தான் ஆடும். அம்மாகிட்ட இப்பவே சொல்லி வெச்சிருங்க.

மத்தேயோ சிற்பியோட 1188-ம் வருசத்து மகிமை வாசல்னு பேராலயத்தில ஒரு சிற்ப வாசல் இருக்கு, அதுக்குத் தனி டிக்கெட், நேரமும் குறிச்சுக் குடுப்பாங்க. பூசையோட சேத்தா இடிக்கும், என்னைக் கேட்டா விட்டுருங்க. கொம்போஸ்தேலாங்கிற பாதயாத்திரைச் சான்றிதழும் கேக்காதீங்க. கடைசி 100 கிலோமீட்டராவது நடந்திருக்கோணும். பஸ்ஸில் போய் இறங்கிட்டுப் பழனிப் பாதயாத்திரைக் கணக்கில சேர முடியுமுங்களா!

சென்னிமலைத் தறி:
பிரிட்டன் விசா, ஷெங்கன் விசா (ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) ரெண்டும் வேணுமுங்க. நடுவில ஷெங்கனுக்கு வெளிய இருக்கிற துறைமுகத்தில நின்னு மறுபடி ஸ்பெயினுக்குள்ள வந்தா அது இன்னொரு நுழைவுக் கணக்கு. அதனால விண்ணப்பத்திலயே மல்டிபிள் என்ட்ரி, அதாவது பல தடவை நுழையற விசா கேளுங்க.

2027-ல் சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயித்துக்கிழமை வருது, அதனால அது புனித ஆண்டு. பேராலயத்தில கின்தானா சதுக்கத்துப் பக்கம் இருக்கிற புனித வாசலைத் திறந்து வெச்சிருப்பாங்க, கூட்டமும் நெரியும். அந்த வருசம் போறதுன்னா 11 மணி பத்தாது, இன்னும் வெள்ளனப் போயிருங்க. அப்புறம் அது மழை ஊர். கல் பாவின தெரு வழுக்கும், பெரியவங்களுக்குப் பிடிமானமான செருப்பு முக்கியம்.